கைவிட்டதும் கொடுக்காததும்

விண்வெளிக் குப்பையை அகற்றும் பொறிகளைப் பற்றிய ஆய்வுகள் பிடிக்கும் வழிகளையே பெரிதும் பேசுகின்றன. பிறர் பொருளை இசைவின்றி எடுப்பது களவாகுமா என்னும் அறவினா அவற்றில் பின்னுக்குப் போய்விடுகிறது. பௌத்தத் துறவியரின் ஒழுக்க நூலாகிய விநயம், கொடுக்காததை எடுப்பதைக் களவு என்று கடிந்தாலும், உடையவர் வேண்டாமென எறிந்த கந்தையைத் துறவி எடுத்துத் தைத்து உடுத்துவதைக் குற்றமாகக் கொள்வதில்லை. அத்தகைய கந்தையாடை பாம்சுகூலம் எனப்படும். 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கையிலோ இந்த விலக்குக்கு இடமில்லை. அதன் 8ஆம் உறுப்பின்படி, ஏவப்பட்ட பொருள் விண்ணில் இருப்பதால் அதன் உடைமையுரிமை மாறுவதில்லை, பதிவு செய்த நாட்டின் அதிகாரமும் நீங்குவதில்லை. ஆகவே 2012 ஏப்ரலில் தொடர்பிழந்து, சுமார் 8 டன் எடையோடு சுற்றிவரும் ஐரோப்பாவின் என்விசாட் செயற்கைக்கோளும் சட்டத்தின் கண்ணில் எறிந்த கந்தை அன்று.

இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகம் தலைமையேற்ற ரிமூவ்டெப்ரி என்னும் குப்பை அகற்றும் சோதனைக்கு இந்த வினாவை எதிர்கொள்ளவே நேரவில்லை. 2018 செப்டம்பரில் அது வலை வீசிப் பிடித்தது தானே சுமந்து சென்று வெளியேவிட்ட சிறு செயற்கைக்கோளை. 2019 பிப்ரவரியில் அதன் எறியீட்டி துளைத்தது தன் கோலின் நுனியிலேயே நீட்டியிருந்த பலகையை. செயலிழந்து புரளும் பொருளில் பற்றுவதற்கு ஒரு பிடி வேண்டும் என்ற தேவையை வலை நீக்கிவிடுகிறது: மடித்து அடைத்த வலை, விளிம்பில் கட்டிய எடைகள் வெளியே பாயும் வேகத்தில் விரிந்து, எவ்வடிவப் பொருளையும் சூழ்ந்துகொள்கிறது. இயங்கிக்கொண்டிருக்கும் அயல்நாட்டுச் செயற்கைக்கோளையும் அவ்வாறே சூழ்ந்துகொள்ளலாம் என்பதால், உடையவரின் இசைவு இங்கே வெறும் சடங்காகாது.

ஆனால் இசைவை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், எதுவும் செய்யாதிருக்கும் உடையவருக்கே நன்மை. 2009 பிப்ரவரியில் ரஷ்யாவின் செயலிழந்த காஸ்மோஸ் 2251, இயங்கிவந்த அமெரிக்க இரிடியம் 33உடன் மோதி ஆயிரக்கணக்கான துண்டுகளைச் சிதறடித்தது. 1972ஆம் ஆண்டின் பொறுப்பு உடன்படிக்கையோ, தரையில் விளையும் சேதத்துக்கு நிபந்தனையற்ற பொறுப்பை விதித்தாலும், விண்ணில் நேரும் சேதத்துக்குத் தவறு மெய்ப்பிக்கப்பட்டால் மட்டுமே இழப்பீட்டுக் கடமையை விதிக்கிறது. செலுத்துவாரற்ற கலம் என்ன தவறு செய்தது என்று வாதிடுவது எளிது. தவறு அதை அங்கே விட்டுவைத்ததில் இருக்கிறது என்பதே பொருந்தும் விடை. விநயம் உடைமையை உடையவரின் மனத்தோடு பிணைக்கிறது: வேண்டும் என்பவர் காக்க வேண்டும், வேண்டாதவர் பிறர் எடுக்க விட வேண்டும். உடன்படிக்கையின் கீழ் நாடுகள், காக்காமலும் விடாமலும், இவ்விரண்டுக்கும் நடுவே நிற்க முடிகிறது.