கொடையா, ஈடா?

ஊர் இளைஞர் நற்பணி மன்றம் ஒன்று ஏரிக்கரையில் சீமைக்கருவேலம் வெட்டுகிறது. மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறது. செலவுக்கு உறுப்பினர் சந்தாவும் கடைத்தெரு வசூலும்தான். ரசீதுப் புத்தகத்தோடு கடை கடையாக ஏறினால் ஐம்பதும் நூறுமாகச் சேர்வது ஜேசிபி வாடகைக்கே காணாது. அப்போதுதான் யாராவது சொல்வார்: "பக்கத்துலேயே இவ்வளவு பெரிய கம்பெனி இருக்கு, சிஎஸ்ஆர்ல கேட்டுப் பாக்கலாமே."

கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய், இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனம் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிக்கு (சிஎஸ்ஆர்) செலவிட வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம். தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. ஆகவே மேலாளர் அறையில் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அந்தப் பணம் இந்த மன்றத்துக்கென்று எழுதி வைக்கப்பட்டதுமில்லை என்பதையும் மறக்கக் கூடாது. பொருளை விற்பதற்கான விளம்பர ஸ்பான்சர்ஷிப் இந்தக் கணக்கில் சேராது என்று விதிகளே சொல்கின்றன. கம்பெனியின் சோப்புப் பெயர் போட்ட பனியனைப் பிள்ளைகளுக்கு மாட்டிப் படம் எடுக்கச் சொன்னால், விதியைக் காட்டியே மறுக்கலாம்.

யாரிடம் கேட்பது என்பதில்தான் சிக்கல். மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் பள்ளிகள் நடத்திய அமெரிக்க மிஷன் வாரியத்துக்கு 1905இல் எண்ணெய் அதிபர் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஒரு லட்சம் டாலர் கொடுத்தார். போட்டியாளர்களை நசுக்கிச் சேர்த்த பணம், அதைத் தொடக் கூடாது என்று வாஷிங்டன் கிளாடன் என்ற போதகர் கொதித்தெழுந்தார். பிறகுதான் வெளியே வந்தது, வாரியத்தாரே போய்க் கேட்டு வாங்கிய பணம் அது என்று. தானாக வந்ததைத் திருப்பி அனுப்பிவிடலாம். கேட்டு வாங்கியதை எந்த முகத்தோடு திருப்புவது? யோசனையெல்லாம் கடிதம் எழுதுவதற்கு முன்பே நடந்தாக வேண்டும்.

கேட்கும் முன் யோசிக்க, நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தையும் கிணறுகளையும் கெடுத்தபோது உச்ச நீதிமன்றத்துக்குப் போனது வேலூர் குடிமக்கள் நல மன்றம் என்ற உள்ளூர் அமைப்பு. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாடு இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று 1996இல் தீர்ப்பு வந்தது. ஆலையின் மானியத்தில் நடக்கும் ஒரு மன்றம் அப்படி வழக்குப் போட்டிருக்குமா?

ஏரியைக் கெடுத்த ஆலையே மூன்று லட்சம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பையன்கள் தூர்வாருகிறார்கள், கரையில் நன்றி சொல்லி ஃபிளெக்ஸ் நிற்கிறது. பக்கத்துக் கிணற்றில் உப்புத் தண்ணீர் இறைக்கும் விவசாயிக்கு அந்த ஃபிளெக்ஸ் என்ன சொல்லும்? அவருக்குச் சேர வேண்டிய ஈட்டை ஆலை தன் கொடைக் கணக்கில் எழுதிக்கொண்டது. எழுதியது ஊர்ப் பிள்ளைகளின் கையால். அடுத்த மழையில் தண்ணீர் மறுபடி நிறம் மாறும்போது, புகார் கொடுக்காதே என்று ஆலையிலிருந்து யாரும் வந்து மிரட்ட மாட்டார்கள். மன்றத்துக்குள்ளேயே ஒருவர் சொல்வார்: "இப்ப வேணாம்டா, ரெண்டாவது தவணை வரட்டும்." அந்தத் தவணைக்காகக் காத்திருக்கும் நாட்களில் மன்றம் யாருக்காக இருக்கிறது?

பணத்துக்கு ஏது நிறம், பிள்ளைகள் படித்தால் சரி என்ற எதிர்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. மறுப்பவருக்கு நிம்மதி கிடைக்கும். வகுப்பு நின்றுபோவது வேறொருவர் வீட்டுப் பிள்ளைக்கு. அதனால் எல்லாக் கம்பெனிப் பணமும் தீட்டு என்பது அறமாகாது. எந்த நிறுவனத்துக்கு எதிராக இந்த மன்றமே ஒருநாள் வாய் திறக்க வேண்டியிருக்குமோ, அதனிடம் மட்டும் கை நீட்டக் கூடாது. ஊரோடு எந்த வழக்கும் இல்லாத நூற்பாலையிடமோ வங்கியிடமோ தாராளமாகக் கேட்கலாம்.

இதைவிடச் சிறியதாகத் தோன்றும் ஒரு சறுக்கல் உண்டு, அதில்தான் பலர் விழுகிறார்கள். 2021 முதல், சிஎஸ்ஆர் பணியை ஏற்று நடத்தும் வெளி அமைப்புக்கு 12ஏ, 80ஜி என்ற வருமான வரிப் பதிவுகளும், சிஎஸ்ஆர்-1 படிவமும், மூன்றாண்டு அனுபவமும் பொதுவாகத் தேவை. சின்ன மன்றத்திடம் இவை இருக்காது. "பதிவு இருக்கிற டிரஸ்ட் பேர்ல வாங்கிக்கலாம், பத்து பர்சென்ட் குடுத்தா போதும்" என்று ஒரு தரகர் வருவார். விண்ணப்பத்தில் 'பயனாளிகள்' என்ற கட்டத்தில் நாற்பது நானூறாகும். கணக்கைச் சரிக்கட்டப் பொய் பில் எழுதப்படும். அதில் கையெழுத்துப் போடுவது இருபது வயதுப் பொருளாளர். பொதுக் காரியம் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று அவர் மனதில் பதிவதை எந்த ஏரி நீரும் ஈடு செய்யாது. ஏழு பேர் சேர்ந்து சங்கமாகப் பதிவு செய்து, மூன்று ஆண்டுகள் சந்தாவிலேயே ஓட்டுவது கடினம்தான். ஆனாலும் அதுதான் வழி.

பிறகு கேட்கும்போது கடிதத்தில் ஒரு வரி இருக்கட்டும்: இந்த நிதியைப் பெறுவதால், நிறுவனத்தைப் பற்றிப் புகார் கொடுக்கும் உரிமையை மன்றம் விட்டுக்கொடுக்கவில்லை. அதைப் பொதுக்குழுவில் வாசித்து, மினிட் நோட்டில் ஏற்றிய பின் அனுப்பலாம். அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று நிறுவனம் சொன்னால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது.