வினையும் பிரேக் பெடலும்

சித்தாந்தம் படிக்கிறவன் கம்ப்யூட்டரில் கார் பந்தயம் ஓட்டலாமா என்று என்னைக் கேட்பவர்கள் இரண்டு வகை. நரைத்த தலையைப் பார்த்துக் கேட்பவர்கள் முதல் வகை. அவர்களுக்கு ஒரு சிரிப்பு போதும். இன்னொரு வகை எங்கள் வகுப்பிலேயே இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு கூடும் சைவ சித்தாந்த வகுப்பில் எனக்கு அடுத்து உட்காரும் ஜவுளிக் கடைக்காரர் ஒருமுறை டீ இடைவேளையில் மடக்கினார்: “ஏனுங்க, இருக்கிற மாயை பத்தாதுன்னு காசு குடுத்து இன்னொரு மாயை வாங்கோணுமா?”

கிண்டல்தான். ஆனால் கேள்வியில் உயிர் இருந்தது. அவர் மாயையைப் பொய் என்று வைத்துக்கொண்டு கேட்டார். கயிற்றைப் பாம்பென்று கண்ட கதையைச் சொல்லும் சங்கரர் மரபில் அப்படி வாதாட இடம் உண்டு. நாங்கள் படிக்கும் மெய்கண்டார் மரபில் அது செல்லாது. நமக்கு மாயை உள்பொருள். இறைவனையும் உயிரையும் போல அதற்கும் தொடக்கம் இல்லை. அதிலிருந்துதான் தனு (உடம்பு), கரணம் (கருவி), புவனம் (உலகம்), போகம் (நுகர்பொருள்) என்ற நான்கையும் தோற்றுவித்து இறைவன் உயிருக்குக் கொடுக்கிறான். ஆணவ இருளில் ஒன்றும் தெரியாமல் கிடக்கும் உயிர் கொஞ்சமாவது விழிக்கட்டும் என்பதற்காக. மாயையும் மலங்களில் ஒன்றுதானே, அழுக்கை வைத்து அழுக்கை எப்படிப் போக்குவது என்று கேட்டால், சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் சலவைத் துறைக்குக் கூட்டிப்போகிறார். சாணியும் உவர்மண்ணும் ஏற்றித்தான் துணியின் அழுக்கை எடுக்கிறார்கள் என்கிறார்.

ஆகவே ஜவுளிக் கடைக்காரருக்கு நான் சொன்ன பதில், “மாயைதானுங்க, அதிலென்ன சந்தேகம்? ஆனா எதைக் கழுவுதுன்னு பாருங்க.” டீ ஆறிவிட்டது. அன்று பாதியில் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

கோவை கணபதியில் பம்ப் பாகங்கள் கடையும் சிறிய பட்டறை என்னுடையது. எங்கள் ஊருக்குப் பந்தயப் பைத்தியம் புதிதல்ல. மாருதி 800 எஞ்சினை வைத்து அதிகச் செலவில்லாத ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைக் கரிவர்தன் உருவாக்கியது இங்கேதான். 1995-இல் விமான விபத்தில் அவர் இறந்தார்; செட்டிபாளையத்தில் பின்னர் அமைந்த பந்தயத் தளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் எங்கள் ஊர்க்காரர்; 2005-இல் ஜோர்டான் அணி. ஆனால் பார்ப்பதற்கு டிக்கெட் போதும், ஓட்டுவதற்கு வேறு வசதி வேண்டும். என்னைப் போன்ற பட்டறைக்காரனுக்கு எட்டியது கம்ப்யூட்டரில் ஓட்டும் சிமுலேட்டர், சுருக்கமாகச் சிம்தான்.

என் தங்கை மகன் தத்துவம் படித்தவன், பெங்களூரில் வேலை. அவன் ஒருநாள் ராபர்ட் நோசிக் என்ற அமெரிக்கரின் 1974-ஆம் ஆண்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னான். அதில் ஓர் அனுபவ எந்திரம் வருகிறது. மூளையில் கம்பியைச் செருகிக்கொண்டால் வேண்டிய அனுபவமெல்லாம் கிடைக்கும். அதற்குள் போவீர்களா என்று கேட்கிறார் நோசிக். போகமாட்டோம், ஏனென்றால் ஒன்றைச் செய்த உணர்வு மட்டும் நமக்குப் போதாது, செய்யவும் வேண்டும் என்பது அவர் தரும் காரணங்களில் ஒன்று. “உங்க சிம்மும் அதுதான மாமா?” என்றான். ஏபிஎஸ் இல்லாத காரை எடுத்துக்கொடுத்து, லைம் ராக் பந்தயத் தளத்தின் முதல் வளைவில் கல் மண்ணுக்குள் போகாமல் ஒரு லேப் முடித்துக் காட்டு என்றேன். சாப்பாட்டு நேரம் வரை முடியவில்லை. நோசிக்கின் எந்திரம் வெற்றியை ஊட்டிவிடும். இது எதையும் ஊட்டாது. தவறாக மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். மிதிப்பது என் கால், திருப்புவது என் கை. இல்லாதது தார் மட்டும்.

கருவி வாங்கும் விஷயத்துக்கு வருகிறேன், அதிலும் எனக்குச் சித்தாந்தம்தான் கைகொடுத்தது. ஐந்து ஞானேந்திரியம், ஐந்து கன்மேந்திரியம் என்று பிரித்துச் சொல்லிக் கொடுப்பார்கள்; பாதமும் பாணியும், அதாவது காலும் கையும், கன்மேந்திரியங்கள்; தொடுகையை அறியும் தொக்கு ஞானேந்திரியம். நிஜக் காரில் பின்சக்கரம் வழுக்கத் தொடங்கியதை ஓட்டுநரின் இடுப்பு முதலில் அறியும். வீட்டு நாற்காலி அசையாது. ஆகவே உடம்பு முழுவதும் அறிய வேண்டியதைக் கண்ணும் காதும் உள்ளங்கையும் மட்டும் அறிந்தாக வேண்டும். இதனால்தான் ஸ்டீயரிங்குக்கு இவ்வளவு மதிப்பு. திருப்பும்போது அது கன்மேந்திரியத்தின் கருவி, அதே நொடியில் டயரின் சேதியைத் தொக்குக்குக் கொண்டுவரும் கருவியும்கூட. வளைவில் முன்டயர் தன்னை நேராக்கிக்கொள்ளப் பார்க்கும் இழுப்பு நம் கையில் கனமாகத் தெரியும். கிரிப் அதன் உச்சத்தை எட்டுவதற்குச் சற்று முன்பே அந்தக் கனம் குறையத் தொடங்கிவிடும். அந்த இளக்கத்தைக் கை பிடித்துக்கொண்டால் கார் வழுக்குமுன் நாம் திருத்திக்கொள்ளலாம்.

லாஜிடெக் ஜி29 போன்ற பல்சக்கர ஸ்டீயரிங்கில் சுமார் 2 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வரும். அதற்கு மேல் பெல்ட் வைத்தவை. அவற்றில் ஓட்டம் வழவழப்பு. அதற்கும் மேல், மோட்டார் தண்டிலேயே சக்கரத்தை நேராக மாட்டிய டைரக்ட் டிரைவ். ஒருகாலத்தில் பணக்காரர் பொருளாக இருந்தது, 2021-இல் ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி வந்ததிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது: 5 நியூட்டன் மீட்டர், பெரிய பவர் சப்ளை போட்டால் 8. இங்கே ஒரு மயக்கம் இருக்கிறது. விசை கூடக்கூட நிஜம் கூடும் என்று நினைப்போம். கூடுவது பெரும்பாலும் தோள்வலி. நமக்கு வேண்டியது அந்த இளக்கம் தெளிவாகத் தெரிவது. அதற்கு 5 தாராளம்.

பெடல் கதை வேறு. அது எனக்கு எதுவும் சொல்லாது. நான்தான் அதற்குச் சொல்ல வேண்டும். விலை குறைந்த பிரேக்கில் பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும், பெடல் எவ்வளவு தூரம் இறங்கியது என்று அளக்கும். லோட் செல் வைத்த பிரேக்கோ எத்தனை கிலோ அழுத்தினேன் என்று அளக்கும். மளிகைக் கடை எலெக்ட்ரானிக் தராசுக்குள் இருக்கும் அதே சாமான். காலுக்குத் தூரத்தைவிட அழுத்தம் நன்றாக நினைவிருக்கும். நேர்சாலையின் முடிவில் பலமாக மிதித்து, வளைவுக்குள் கார் திரும்பும்போது மெல்ல மெல்ல விட வேண்டும். பந்தயம் ஓட்டுவதில் பாதி இந்த விடுதலில்தான் இருக்கிறது. மிதிப்பது எளிது, பயந்தாலே வந்துவிடும். விடுவதற்குத்தான் அடக்கம் வேண்டும். இதை நான் சொன்னபோது வகுப்பு ஆசிரியர் புன்னகைத்தார், மறுக்கவில்லை.

ஓர் எச்சரிக்கை: லோட் செல் பிரேக்கை மேசைக்கடியில் தரையில் சும்மா வைத்து ஆபீஸ் சேரில் உட்கார்ந்து மிதித்தால் பெடல் நகராது, நாற்காலிதான் பின்னால் உருண்டு போகும். நான் பட்டறையில் மிச்சமிருந்த சதுரக் குழாயை வெட்டி வெல்டிங் வைத்துச் சட்டம் செய்துகொண்டேன். பழைய மாருதி வேனின் சீட்.

இனி வினை. 2020 ஊரடங்கில் நிஜப் பந்தயங்கள் நின்றுபோய், நிஜ ஓட்டுநர்களே வீட்டிலிருந்து சிம்மில் ஓட்டினார்கள். மே 2 அன்று இண்டிகார் நடத்திய சிம் தொடரின் கடைசிப் போட்டி, ஐரேசிங் என்ற சிம்மில் உருவாக்கிய இண்டியானாபோலிஸ் தளத்தில். முந்தைய வாரம் வென்றிருந்த ஃபார்முலா ஒன் ஓட்டுநர் லாண்டோ நோரிஸ் முடிவை நெருங்கும்போது முன்னணியில் இருந்தார். 2019-இல் நிஜ இண்டியானாபோலிஸ் 500-ஐ வென்ற சிமோன் பஜெனோ அவர் வழியில் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தார். மோதல், நோரிஸின் வெற்றி வாய்ப்பு போனது. அதே மாதம் மின்சாரக் கார்ப் பந்தயத் தொடரான ஃபார்முலா ஈ நடத்திய சிம் போட்டியில் அதன் ஓட்டுநர் டேனியல் ஆப்ட் மூன்றாவது வந்தார். பிறகு தெரிந்தது, ஓட்டியது அவரல்ல; அவர் பெயரில் ஒரு தொழில்முறை சிம் ஓட்டுநர் ஓட்டியிருந்தார். பத்தாயிரம் யூரோ அபராதம். நிஜ அணியிலிருந்த இடத்தையும் ஆடி நிறுவனம் பறித்துக்கொண்டது. வெறும் விளையாட்டுக்கு இவ்வளவு தண்டனையா என்று அப்போது சிலர் அவருக்காகப் பரிந்து பேசினார்கள். எனக்கு அந்தப் பரிவு வரவில்லை. கார் படம், தளம் படம், நசுங்கிய தகரமும் படம். இன்னொருவரைக் கெடுக்க வேண்டும் என்ற எண்ணமும், ஆள்மாறாட்டமும் படமா? மனம், வாக்கு, காயம் மூன்றாலும் வினை ஏறும் என்று படிக்கிறோம். தார் இருந்தால்தான் ஏறும் என்று எங்கும் படிக்கவில்லை.

ஐரேசிங்கில் ஒரு விதி உண்டு. இரண்டு கார்கள் பலமாக மோதினால் யார் தவறு என்று அது ஆராயாது. இருவர் கணக்கிலும் நான்கு விபத்துப் புள்ளி ஏறும். பின்னாலிருந்து ஒருவன் வந்து இடித்தாலும் எனக்கும் நான்குதான். புதிதாக வருகிறவர்கள் இதை அநியாயம் என்று கொதிப்பார்கள். எனக்கு இது நல்ல விதியாகவே படுகிறது. நான் செய்யாததற்கு என்மேல் ஏன் என்ற புலம்பலைச் சித்தாந்தம் எப்போதோ கேட்டு முடித்துவிட்டது. வந்து விழுந்தது பிராரத்தம், நுகர்ந்து தீர்க்க வேண்டியது. அடுத்த லேப்பில் அவனைத் தேடிப்போய் இடித்தால் அது ஆகாமியம், நானே புதிதாகச் சேர்ப்பது. இந்த வேறுபாட்டை வகுப்பில் நோட்டில் எழுதிக்கொண்டேன். கழுத்தில் சூடேற, ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தபடி, இடித்தவனின் கார் எண் கண்ணெதிரே போகும்போதுதான் அது எனக்கு விளங்கியது. வீட்டில் மனைவியிடமோ பட்டறையில் ஆட்களிடமோ இந்தச் சோதனையைச் செய்து பார்க்க முடியாது, காயம் ஆறாது. இங்கே யாருக்கும் எலும்பு முறியாது, ஆனால் கோபம் அசல் கோபம்.

நண்பர்கள் ரீசெட் பட்டனைக் காட்டி இதையெல்லாம் மறுப்பார்கள். அழுத்தினால் கார் புதிது, டயர் புதிது. பிறகு வினை எங்கே? அழுத்திப் பாருங்கள். போன முறை தாமதமாகப் பிரேக் பிடித்த அதே இடத்தில் மறுபடியும் தாமதமாகத்தான் பிடிப்பீர்கள். தனு மாறுகிறது, பழக்கம் கூடவே வருகிறது. மறுபிறப்பைப் பற்றி இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

சாவு பயம் இல்லாதது பெரிய குறைதான், ஒப்புக்கொள்கிறேன். நிஜ ஓட்டுநரின் துணிவைச் சிம் தராது. நூர்பர்க்ரிங் பந்தயத் தளத்தின் இருபது கிலோமீட்டரை இரவில் மழையில் சுற்றியிருக்கிறேன் என்று நான் சொன்னால் அது பெருமையடிக்கும் விஷயமல்ல.

இன்னும் பெரிய ஆபத்து கருவி ஆசை. 5 நியூட்டன் மீட்டர் வாங்கியவனுக்கு 9 வேண்டும், 9-க்குப் பிறகு 12, ஒரு திரைக்குப் பிறகு மூன்று. எனக்குத் தெரிந்த ஒருவர் அசையும் மேடை வரைக்கும் போய்விட்டார். லேப் நேரம் அப்படியே நிற்கிறது. இந்த இடத்தில் ஜவுளிக் கடைக்காரர் பக்கம்தான் நியாயம்: சாணியைச் சேர்த்துக்கொண்டே போய்த் துணியை அலசவே இல்லையென்றால் சலவை எங்கே?

வாங்கப் போகிறவர்களுக்கு என் வார்த்தை இது. முதலில் ஆடாத சட்டமும் கெட்டியான இருக்கையும். அடுத்து லோட் செல் பிரேக். ஸ்டீயரிங் பழையதாகக் கிடைத்தால் அதுவே ஆகட்டும். திரை வீட்டில் இருப்பதே போதும். கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்து பார்வைக் கோணத்தைச் சரியாகப் போடுங்கள். வேகம் குறைந்ததுபோலத் தோன்றி முதல் வாரம் சப்பென்றிருக்கும், மாற்றாதீர்கள். மாதம் ஒருமுறைக்கு மேல் விலைப்பட்டியல் பார்க்காதீர்கள். சொந்தப் பெயரிலேயே ஓட்டுங்கள். யாராவது இடித்துவிட்டுப் போனால், அந்தப் பந்தயம் முடியும்வரை அவர் காருக்குப் பக்கத்தில் போகாதீர்கள்.