இளைப்பாறும் உரிமை யாருக்கு?

ஆசிரியர் ஓய்வூதியத்தின் நிதி நிலை எத்தகையது என்ற கேள்வி எழும்போதெல்லாம், எங்கோ ஒரு பெட்டகத்தில் நம் பணம் பெருகுகிறதா, கரைகிறதா என்பதே கேள்வி என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அத்தகைய பெட்டகம் இல்லை. ஓய்வூதியத்தின் பெயரால் நம் சம்பளத்தில் மாதந்தோறும் கழிக்கப்படுவது விதவைகள், தபுதாரர், அநாதைகளுக்கான பங்கேயன்றி நமக்குரியதன்று. நாம் இளைப்பாறியபின் பெறுவது, அந்தந்த ஆண்டில் மக்கள் செலுத்தும் வரியிலிருந்து திரட்டு நிதியின் வழியே வருவது. ஏறத்தாழ 7 இலட்சம் அரச ஓய்வூதியர் இவ்வாறே வாழ்கின்றனர்.

எனவே நம் ஓய்வூதியத்தின் நலத்தை ஆராயப் புகுவோர் கொழும்புக் கணக்கேடுகளோடு நில்லாது வாழைச்சேனைக் கரைக்கும் வரவேண்டும். 2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. அந்த விலையோடு மல்லாடிய கடற்றொழிலாளர், 2024 ஜனவரியில் 18 சதவீதமாகிய பெறுமதி சேர் வரியையும் கடையிற் செலுத்துகின்றனர். அதில் ஒரு துளி நம் ஓய்வூதியம். அவர்களுக்கென 1990இல் ஓர் ஓய்வூதியச் சட்டம் வந்தது; உழவருக்கு 1987இலேயே வந்தது. இரண்டும் தாமே பணம் கட்டிப் பெறும் திட்டங்கள். உழவரின் நிதி வற்றியதால் 2012இல் கொடுப்பனவு நின்றுபோய், 2014இலேதான் மீண்டும் தொடங்கிற்று. (நமது ஓய்வூதியம் அவ்வாறு நின்றிருப்பின் நாடு பட்டிருக்கும் பாட்டை எண்ணிப் பார்க்கலாம்!)

இனி, கடதாசி ஆலையிலும் மலையகத் தோட்டங்களிலும் உழைத்தோரின் ஊழியர் சேமலாப நிதியைப் பார்ப்போம். தொழிலாளியின் 8 சதவீதமும் முதலாளியின் 12 சதவீதமும் சேர்ந்து வளர்ந்த பணம் அது. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைக்கப்பட்டபோது வங்கிகளின் திறைசேரி முறிகள் தொடப்படவில்லை. சேமலாப நிதியின் முறிகளோ, 2025 வரை 12 சதவீதமும் பின்னர் 9 சதவீதமும் வட்டி தரும் நீண்டகால முறிகளாக மாற்றப்பட்டன. மறுத்தால் 30 சதவீத வரி. சேமித்தவர் சுமந்தனர், சேமிக்காத நாம் தப்பினோம்.

அவ்வாறாயின் நம் ஓய்வூதியம் அநீதியா? ஆம் என்போர் அதைப் பறித்துச் சமத்துவம் காண விழைகின்றனர். 2016 முதல் சேர்ந்தோரைப் பங்களிப்புத் திட்டத்துக்குள் தள்ள முயன்றதும் இத்தகைய எண்ணமே. அம்முயற்சி பின்னர் கைவிடப்பட்டது. நம்மிடம் பறிப்பதால் தோணிக்காரரின் முதுமைக்கு ஒரு சதமும் சேராது. ஓய்வூதியம் பிற்போடப்பட்ட ஊதியம் என்பது நம் சங்கங்களின் வாதம். சரியே, எனினும் அது பாதி வாதம். உழைத்த கைக்கு முதுமையிற் சோறு வேண்டும் என்பதே அதன் வேராயின், வலை இழுத்த கை அதனுள் ஏன் அடங்கவில்லை?

ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின் முதல் விதியோ, அரச ஊழியருக்கே ஓய்வூதியத்தில் முழு உரிமை இல்லை என்கிறது. அந்த வாசகத்தைத் திருத்தக் கோரும்போது, 'அரச ஊழியர்' என்ற சொல்லின் இடத்தில் எச்சொல்லை எழுதக் கேட்பது என்பதை நம் சங்கங்கள் இப்போதே கடற்றொழிலாளரோடும் உழவரோடும் அமர்ந்து பேசட்டும்.