நிர்ப்பந்தத்தின் அளவு

இதய இரத்தக்குழாயைத் திறந்து வைக்கப் பொருத்திய வலைக்குழாயான ஸ்டென்டுக்குள்ளேயே இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால் மாரடைப்பு வரும். இது சிலருக்கே நேரும் என்றாலும், நேர்ந்தால் உயிருக்கு ஆபத்து மிக அதிகம். ஸ்டென்ட் வைத்த 24 மணி நேரத்துக்குள்ளும் வரலாம், ஓராண்டு கடந்தும் வரலாம். ஸ்டென்ட் முழுமையாக விரியாதிருப்பதும், ஆஸ்பிரின், குளோபிடோகிரல் போன்ற மாத்திரைகளை இடையில் நிறுத்திவிடுவதும் முக்கியக் காரணங்கள். நோயாளியை உடனே இதயக்குழாய்ச் சிகிச்சைக்கூடமான கேத் லேபுக்குக் கொண்டுபோய், மெல்லிய கம்பியால் அடைப்பைக் கடந்து, பலூனால் குழாயைத் திறக்கிறார்கள் (ஆஞ்சியோபிளாஸ்டி). வேண்டுமானால் உறைவை உறிஞ்சியும் எடுக்கிறார்கள். அதற்கிடையே புதிதாக இரத்தம் உறையாதிருக்க ஹெபாரின் செலுத்தப்படுகிறது.

இந்தச் சிகிச்சையில் எழும் சமயக் கேள்வி இந்த ஹெபாரினைப் பற்றியதுதான். இன்று புழக்கத்தில் உள்ளதில் பெரும்பகுதி பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படுகிறது. மாட்டிலிருந்து எடுப்பதும் உண்டு. மாடுகளைத் தாக்கிய மூளைநோய் குறித்த அச்சத்தால் 1990களில் அது அமெரிக்கச் சந்தையை விட்டு விலகியது. பன்றியிலிருந்து எடுப்பது முஸ்லிமை உறுத்தும். மாட்டிலிருந்து எடுப்பது பசுவைப் புனிதமாகக் கொள்ளும் இந்துவை உறுத்தும். சமணருக்கு இரண்டும் ஒன்றே. யூதச் சட்டத்தில் சிக்கல் குறைவு: அங்கே பன்றி விலக்கப்பட்டது உணவாகத்தான், உயிர் காக்கும் கடமையோ ஏறக்குறைய எல்லா விலக்குகளுக்கும் மேலானது.

இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் இரண்டு வழிகளைக் காட்டுகிறார்கள். ஒன்று இஸ்திஹாலா: அசுத்தமான பொருள் தன் இயல்பே மாறி வேறொன்றானால் பழைய விலக்கு அதைத் தொடராது. ஹனஃபி மத்ஹபில் (சட்டப்பள்ளியில்) இதற்கு இடம் அதிகம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களிலும் இலங்கையிலும் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில் இடம் மிகக் குறைவு. ஹெபாரினுக்கு இந்த வாதம் அவ்வளவாகப் பொருந்துவதாகவும் தெரியவில்லை. அது குடல் சவ்வில் ஏற்கனவே இருக்கும் மூலக்கூறு. பிரித்துத் தூய்மை செய்கிறார்கள், வேறொன்றாக மாற்றுவதில்லை. ஆகவே பாரம் முழுவதும் இரண்டாம் வழியான நிர்ப்பந்தத்தின் மேல் விழுகிறது. உயிருக்கு ஆபத்து, வேறு வழியில்லை என்றால் விலக்கப்பட்டதும் ஆகும். ஆனால் தேவையின் அளவுக்கு மட்டும்.

அந்த அளவை எங்கே நிறுத்துவது என்பதற்கு சாந்தோக்கிய உபநிடதத்தில் கூர்மையான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. குரு நாட்டில் பஞ்சம். உஷஸ்தி சாக்ராயணர் யானைக்காரன் ஒருவன் தின்றுகொண்டிருந்த பயற்றில் எச்சிலான மிச்சத்தையே கேட்டு வாங்கி உண்கிறார். அவன் நீரும் கொடுக்க, எச்சில் நீர் என்று மறுக்கிறார். பயறும் எச்சில்தானே என்று அவன் கேட்கிறான். பயறு இல்லாவிட்டால் உயிர் தங்கியிராது, நீரோ வேண்டிய இடத்தில் கிடைக்கும் என்பது அவர் விடை. பசி தந்த அனுமதி தாகத்துக்கு நீளவில்லை.

உஷஸ்திக்கு நீர் இருந்ததுபோல் ஹெபாரினுக்கு மாற்று இருக்கிறதா? விலங்குச் சார்பில்லாத ஃபோண்டாபரினக்ஸ் இருக்கிறது. ஆனால் அதை மட்டும் நம்பி ஆஞ்சியோபிளாஸ்டி செய்தபோது குழாய்க் கருவிகளிலேயே இரத்தம் உறைந்தது. ஹெபாரினும் சேர்க்க வேண்டியதாயிற்று. அட்டையின் உமிழ்நீர்ப் பொருளை முன்மாதிரியாகக் கொண்டு ஆய்வகத்தில் செய்யப்படும் பைவலிருடின் மற்றொன்று. 2008இல் வெளியான ஹொரைசன்ஸ் ஆய்வில் இரத்தக்கசிவு குறைந்தது. ஆனால் முதல் 24 மணி நேரத்தில் ஸ்டென்டில் உறைவு 1.3 விழுக்காட்டினருக்கு ஏற்பட்டது, ஹெபாரினும் வேறொரு மருந்தும் பெற்ற பிரிவில் 0.3 விழுக்காடு. அதாவது எந்த நோய்க்குச் சிகிச்சையோ அதையே மாற்று மருந்து கூட்டியது. 2022இல் சீனாவில் நடந்த பிரைட்-4 ஆய்வில், சிகிச்சை முடிந்த பிறகும் சில மணி நேரம் முழு அளவில் சொட்டாகச் செலுத்தியபோது நிலைமை தலைகீழானது. பைவலிருடின் பிரிவில்தான் உறைவு குறைவு. 2008இல் நிர்ப்பந்தம் என்று சொல்ல முடிந்ததை இன்று, அந்த மருந்து கைக்கெட்டும் மருத்துவமனையில், அத்தனை உறுதியாகச் சொல்ல முடியாது. சட்ட நெறி மாறவில்லை, அது நிற்கும் மருத்துவ உண்மைதான் மாறியது. ஆகவே மார்க்க அறிஞர்களான உலமாக்கள் தரும் தீர்ப்பான ஃபத்வாவுக்கும் மறுபரிசீலனை தேவைப்படும்.

நெஞ்சுவலியோடு மேசையில் கிடப்பவரிடம் இதைக் கேட்க நேரமில்லை. மயக்கத்தில் இருப்பவருக்கு மருத்துவர் ஹெபாரின் கொடுத்தால் எந்த மரபும் நோயாளியைக் குற்றம் சொல்லாது. முதல் ஸ்டென்ட் வைக்கும்போது அவகாசம் இருந்தால் கேட்கலாம். மாத்திரையை இடையில் நிறுத்துவது ஆபத்து என்பதால், நோன்பு மாதத்தில் அதை எந்த வேளைக்கு மாற்றுவது என்பதும் அப்போதே பேச வேண்டியது. ஒருநாளைக்கு ஒருமுறை போடும் மாத்திரையை நோன்பு திறந்த பின் போட்டுக்கொள்ள முடியும். இருமுறை போடுவதை நோன்பு திறக்கும் இஃப்தாருக்கும் விடியலுக்கு முந்தைய ஸஹருக்கும் பிரிப்பதா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.