பொது நீரும் தனிக்கிணறும்

பலரும் சார்ந்து வாழும் பொதுப்பொருள் ஒன்றை ஆக்கி அளித்தவன், பின்னர் அதனைத் தன் விருப்பப்படி மாற்றலாமா? மாற்றுவானாயின், அம்மாற்றத்தின் செலவை யார் ஏற்பது? இவ்வினாக்கள் அறவியலுக்குப் புதியனவல்ல. ஆயினும் நம் காலத்தில் அவை எதிர்பாராத ஓரிடத்தில் கூர்மை பெற்று நிற்கின்றன. லினக்ஸ் போன்ற திறந்த மூல இயங்குதளங்களிற் கணினி விளையாட்டுகளை இயக்க முற்படுவோர் எதிர்நோக்கும் மென்பொருள் நூலகச் சிக்கலே அவ்விடம். "விளையாட்டுத்தானே" என இதனை ஒதுக்குதல் எளிது. ஆனால் ஒருவர் வைத்த நம்பிக்கையின் பெறுமதி, எதற்காக அந்நம்பிக்கை வைக்கப்பட்டது என்பதனால் மட்டும் அளவிடப்படுவதன்று. இன்று விளையாட்டுக்கு நேர்வது நாளை வைத்தியசாலைப் பதிவேட்டுக்கும் நேரலாம்.

சிக்கலின் இயல்பை விளங்கிக்கொள்ளப் புத்தளம் மாவட்டத்தின் கரையோரம் நமக்கு உதவுகின்றது. சிலாபத்திலிருந்து வடக்கே முந்தல், புத்தளம் வரை ஒல்லாந்தர் கால்வாயும் அதனோடிணைந்த களப்புகளும் ஒரே நீர்த்தொகுதியாக அமைந்துள்ளன. 1980களிலிருந்து இதனையண்டி இறால் பண்ணைகள் பெருகின. பண்ணையாளர் தமக்கு வேண்டிய நீரை இத்தொகுதியிலிருந்தே எடுத்தனர். கழிவு நீரையும் இதற்குள்ளேயே விட்டனர். 1996இல் வெண்புள்ளி நோய் தோன்றியபோது, ஒருவர் குளத்து நோய் மற்றவர் குளத்தை அடைவதற்கு அப்பொது நீரே வழியாயிற்று. தன் குளத்தைப் பழுதின்றிப் பேணியவரும் நட்டமடைந்தார். பொது நீரைச் சார்ந்து வாழ்வோருக்குத் தன் ஒழுக்கம் மட்டும் காவலாகாது என்பதே அந்நிகழ்ச்சி புகட்டிய பாடம்.

மென்பொருள் நூலகமும் அத்தகையதொரு பொது நீரே. எழுத்தைத் திரையிற் காட்டுதல், ஒலியை எழுப்புதல், நினைவகத்தின் ஒரு பகுதியிலுள்ளதை மறு பகுதிக்குப் பிரதி செய்தல் ஆகிய பணிகளை ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனியே எழுதிக்கொள்வதில்லை. கணினியில் ஒரே பிரதியாக வைக்கப்பட்ட நூலகத்தை எல்லா மென்பொருள்களும் அழைத்துப் பயன்படுத்துகின்றன. இதனால் இடம் மிஞ்சுகின்றது. ஓரிடத்திற் குறை திருத்தப்பட்டால் எல்லோருக்கும் நன்மை விளைகின்றது. ஆனால் அதே காரணத்தால், ஓரிடத்திற் செய்யப்பட்ட மாற்றம் எல்லோரையும் தாக்கவும் கூடும்.

ஈண்டு இரு நிகழ்ச்சிகள் நோக்கத்தக்கன. லினக்ஸ் வழங்கல்களிற் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படையாயுள்ள க்னூ சி நூலகத்தில், நினைவகத்தைப் பிரதி செய்யும் பணி விரைவுக்காக மாற்றியமைக்கப்பட்டது. சில செயலிகளில் அது பின்னிருந்து முன்னாகப் பிரதி செய்யலாயிற்று. 2010இல் அம்மாற்றத்தைத் தாங்கிய வழங்கல்களில், அக்கால உலாவி விளையாட்டுகள் பலவற்றுக்கு நிலைக்களனாயிருந்த அடோபி ஃபிளாஷ் மென்பொருளின் ஒலி சிதைந்தது. பிரதிசெய்யும் இடமும் பெறும் இடமும் ஒன்றன்மேலொன்று படியுமாயின் அப்பணியைப் பயன்படுத்தலாகாது என்பது விதி; ஃபிளாஷ் அவ்விதியை மீறியிருந்தது. எனவே நூலகத்தார், "தவறு எம்முடையதன்று" என்றனர். லினக்ஸ் கெர்னலை 1991இல் தொடக்கிய லினஸ் டோர்வால்ட்ஸோ, விதி யார் பக்கம் என்பது பயனருக்குப் பொருட்டன்று, நேற்று இயங்கியது இன்று இயங்கவில்லை என்பதே அவருக்குப் பொருட்டு என்னும் நிலைப்பாட்டை மேற்கொண்டார்.

இரண்டாவது 2022 ஓகஸ்டில் நிகழ்ந்தது. அந்நூலகத்தின் 2.36ஆம் பதிப்பில், பழைய தேடல் அட்டவணையொன்று இயல்பாக உருவாக்கப்படுவது நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலான புதிய அட்டவணை 2006 முதலே வழக்கிலிருந்தது. ஆனால் இணைய விளையாட்டுகளில் ஏமாற்றைத் தடுக்கும் 'ஈசி ஆன்டி சீட்' என்ற மென்பொருள் பழையதையே தேடிற்று. அதனைச் சார்ந்த விளையாட்டுகள் இயங்காது நின்றன. சில வழங்கல்கள் பழைய அட்டவணையைத் தாமே மீண்டும் சேர்த்துக்கொண்டன.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் நூலகத்தாருக்குச் சார்பான வாதம் வலுவற்றதன்று. அவர்கள் அளித்தது விலையற்ற கொடை. "எவ்வித உத்தரவாதமுமில்லை" என்று உரிமப் பத்திரத்திலேயே எழுதப்பட்டுள்ளது. பழையன யாவற்றையும் என்றென்றும் சுமக்கவேண்டுமாயின் கொடையாளி அடிமையாவான், வளர்ச்சியும் முடங்கும். கொடையைப் பெற்றவன் அதனைக் கடனைப்போற் கேட்பது நன்றி மறத்தலன்றோ?

இவ்வாதத்தை நாம் முழுமையாக மறுக்கவேண்டியதில்லை. ஆனால் அது ஒன்றைக் காணத் தவறுகின்றது. ஒருவர்க்கு ஒருமுறை வழங்கிய கொடை வேறு. ஊரார் வந்து நீரள்ளுமாறு வெட்டிவைத்த ஊருணி வேறு. பிறர் தன்மீது கட்டுமாறு அழைக்கும் பொருளே நூலகம். அவ்வழைப்பை ஏற்றுப் பலர் தம் உழைப்பை அதன்மேல் கட்டியபின், எழுதப்படாத வாக்குறுதியொன்று அங்கே பிறந்துவிடுகின்றது. உத்தரவாதம் இல்லையெனும் வாசகம் சட்டத்தின் முன் ஒருவரைக் காக்கலாம்; அறத்தின் முன் அது விடையாகாது. தடுக்கக்கூடிய துன்பமென்று தெரிந்தும் அதனைப் பிறர்மேல் ஏற்றலாமா என்ற வினா எஞ்சியே நிற்கும்.

அத்துன்பம் யார்மேல் விழுகின்றது என்பதும் எண்ணத்தக்கது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபரில் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை நிறுத்தியது. பழைய கணினியை மாற்ற வசதியில்லாதவருக்கு, கற்பிட்டியிலோ உடப்பிலோ வாழும் மாணவர் உட்பட, திறந்த மூல இயங்குதளம் என்பது கொள்கைத் தெரிவு மட்டுமன்று. கையிலுள்ள பொறியைப் பயன்படுத்த எஞ்சிய வழியுமாகும். உபுண்டு வழங்கல் 32 பிட் நூலகங்களைக் கைவிடப்போவதாக 2019 ஜூனில் அறிவித்தபோது, பழைய விளையாட்டுகளின் பெருந்தொகுதியே பயனற்றுப்போகும் நிலை தோன்றியது. எதிர்ப்பெழுந்த சில நாள்களிலேயே, தெரிந்தெடுத்த 32 பிட் நூலகங்கள் தொடர்ந்து பேணப்படுமென அறிவிக்கப்பட்டது. அங்கே பயனர் சார்பிற் குரல்கொடுக்க 'ஸ்டீம்' விளையாட்டுக் களஞ்சியத்தை நடத்தும் வால்வ் போன்ற வலிய நிறுவனமும் இருந்தது. குரலற்றோர் சார்ந்த மென்பொருள் கைவிடப்படுங்கால் யார் பேசுவார்?

பாதிக்கப்பட்டவர் கையாளும் தீர்வுகளையும் அறநோக்கில் ஆராயலாம். காணாத நூலகத்தின் பெயரை வேறொரு பதிப்புக்குச் சூட்டி விளையாட்டை ஏமாற்றுவது ஒரு வழி. அது சில வேளை பலிக்கும். ஆயினும் பெயரும் பொருளும் பிரிந்தவிடத்து, பின்னர் தோன்றும் பழுதின் காரணத்தை எவரும் அறியார். மற்றையது, விளையாட்டுக்கு வேண்டிய நூலகங்கள் யாவற்றையும் ஒரு கொள்கலத்தில் இட்டு அதனோடேயே வழங்குவது. ஸ்டீம் இயக்கச்சூழலும் பிளாட்பேக்கும் இவ்வழியின. இது தனிக்கிணறு தோண்டுதலை ஒக்கும். பொது நீரின் நோய் இங்கு எளிதில் வாராது. ஆனால் பொது நீரிற் செய்யப்படும் திருத்தமும் தானே வந்துசேராது.

மேலும், தனிக்கிணறும் முற்றிலும் தனியன்று. கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்பரப்பில் எத்தனை கிணறுகள் தோண்டினும், அவை சுரப்பது உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீர்ப் படையிலிருந்தே. அதுபோல எல்லாக் கொள்கலங்களும் ஒரே கெர்னலின்மீதே இயங்குகின்றன. அக்கெர்னலோ, பயனரின் மென்பொருளை உடைக்கும் மாற்றம் கெர்னலின் பிழையே என்னும் விதியைத் தனக்குத் தானே விதித்துக்கொண்டுள்ளது. அடியில் ஒருவர் வாக்கைக் காப்பதனாலேயே மேலே தனிமை இயலுகின்றது. 1993இல் தொடங்கிய வைனையும் அதன்மீது 2018இல் வால்வ் வெளியிட்ட புரோட்டானையும் நோக்குக. லோக்கி நிறுவனம் 2002இல் மூடப்படுமுன் லினக்ஸுக்கென்றே வெளியிட்ட விளையாட்டுகள் இன்று பழைய நூலகங்களின்றி இயங்க மறுக்கின்றன. விண்டோஸுக்கென எழுதப்பட்ட பழைய விளையாட்டுகள் பலவோ புரோட்டான் வழியாக லினக்ஸிலே இயங்குகின்றன. திறந்த வீட்டில் வாழ்வோர் தம் விருந்தினருக்கு அடுத்த வீட்டாரின் நிலைத்த வாக்கைக் கடன் வாங்க நேர்ந்தமை சிந்திக்கத்தக்கது.

அவ்வாறாயின் மாற்றமே கூடாதென்பதா? அன்று. 2010இன் பிணக்கு தீர்ந்த முறை நமக்கு வழிகாட்டுகின்றது. 2011இல் வெளிவந்த 2.14ஆம் பதிப்பில், அப்பணிக்கு ஒரே பெயரில் இரு வடிவங்கள் வைக்கப்பட்டன. முன்பு ஆக்கப்பட்ட மென்பொருள் பழைய இயல்பையே பெறும். புதிதாக ஆக்கப்படுவது புதியதைப் பெறும். பழையவர்க்குப் பழைய வாக்கும் புதியவர்க்குப் புதிய வாக்கும் ஒருங்கே காக்கப்பட்டன. புத்தளக் கரையிலும் கால்வாய் மூடப்படவில்லை. எந்த வலயத்தார் எக்காலத்திற் குஞ்சு விடுவது என்ற பொது அட்டவணை வகுக்கப்பட்டது. முன்னறிவித்தலும் முறைவகுத்தலுமே பொது நீரைப் பகிர்வதற்குரிய ஒழுக்கம்.

இதிலிருந்து மூவர்க்கும் கடமைகள் பிறக்கின்றன. நூலகத்தான் மாற்றலாம், ஆனால் சொல்லாமல் மாற்றலாகாது, பழைய வாக்கைக் காத்தல் எளிதாயின் அதனைக் கைவிடலாகாது. விளையாட்டை ஆக்கியவன் மூலநிரலை மறைத்து வைத்திருப்பானாயின், பழுதைத் திருத்தும் ஆற்றலைப் பிறரிடமிருந்து பறித்தவனாகின்றான். ஆகவே திருத்தும் கடமை முழுவதும் அவனையே சேரும். அதனை நிறைவேற்ற இயலாத நாளில், மூலநிரலைத் திறந்துவிடுதலே அவன் செய்யத்தக்கது. பயனரோ கொடையைக் கடனெனக் கருதாது, தான் கண்ட பழுதையும் தீர்வையும் எழுதிப் பொதுவில் வைத்தல் வேண்டும். நீரை அள்ளுவோர் கரையையும் காக்கவேண்டுமன்றோ?

சுதந்திரம் என்பது மாற்றுவதற்கான உரிமை மட்டுமன்று. நம் மாற்றத்தால் எவர் நிலைகுலைவார் என எண்ணிப் பார்க்கும் பொறுப்பும் அதனுள் அடங்கும். அப்பொறுப்பை நீக்கிவிடின், திறந்த மூலம் என்பது வலியோர்க்குத் திறந்தும் எளியோர்க்கு அடைத்தும் கிடக்கும் கதவாகவே முடியும்.