காண்டலும் கவர்தலும்



இயற்கையினின்று விலகிப்போன மக்களை மீண்டும் அதனோடு உறவுபடுத்துதற்குப் பறவை, விலங்கு, நீர்நிலை முதலியவற்றைப் புகைப்படம் எடுத்தல் ஒரு வழியாகுமா என்று நம் இளைஞர் சிலர் நம்மை வினவினர். கரமனையில் வாழும் இவர்கள் விடுமுறைநாள்தோறும் விடியுமுன் எழுந்து, வெள்ளாயணிக் காயலை அடுத்த புஞ்சக்கரி வயல்களுக்குப் புகைப்படக் கருவியுடன் செல்பவர்கள். ஆகும் என்றார் ஒருவர். ஆசையை வளர்க்கும் மற்றொரு விளையாட்டே அது என்றார் வேறொருவர். சிறு பொழுதுபோக்கைப் பற்றிய வினாவென்று இதனைத் தள்ளுதல் தகாது. கண்ணாற் காண்டல் எப்போது அருளாகும், எப்போது களவாகும் என்பதே இதனுள் அடங்கிய வினா.

முதற்கண் ஒன்று கேட்க வேண்டும். விலகிப்போன மக்கள் என்போர் யாவர்? புஞ்சக்கரியில் தலைமுறை தலைமுறையாக முழங்காற் சேற்றில் நின்று நாற்று நட்டவர் விலகிப்போனவர் அல்லர். கொக்கும் உள்ளானும் நீலத் தாழைக்கோழியும் எப்பருவத்தில் எவ்வரப்பில் இறங்கும் என்பதைக் கருவியின்றியே அவர் அறிவர். அவ்வயல்களுக்கு அண்மையிலுள்ள வெங்ஙானூரிற் பிறந்த ஐயன்காளி, பொதுவழியிற் செல்லும் உரிமைக்காக 1893இல் வில்வண்டி ஏறிச் செல்ல வேண்டியிருந்தது. நிலத்தை நன்கறிந்தவர்க்கே நிலத்தின்மீது நடக்கும் வழி மறுக்கப்பட்ட நாடு இது. நின்று நிதானித்துப் பார்ப்பதும் ஓர் உரிமை. அது நம்மவர்க்கு எளிதில் வாய்த்ததன்று. ஆலையிற் பணிபுரிந்த ஆண்டுகளில், பஞ்சுத்தூசு படிந்த சன்னலுக்கு அப்பால் பொழுது வெளுத்ததையும் இருண்டதையும் அன்றி நாம் வேறொன்றும் கண்டோமில்லை. ஆதலின், ஒரு தொழிலாளியின் மகன் வரப்பில் அமர்ந்து ஒரு மீன்கொத்தியை ஒரு நாழிகை நோக்கியிருப்பானாயின், அதனை வீண்செயல் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

எனினும் நோக்குதல் யாவும் ஒரு தன்மைத்தன்று. மணிமேகலை கூறும் பன்னிரு சார்புகளுள் நடுவிலுள்ளவற்றை எண்ணிப் பாருங்கள். கண் ஒரு வாயில். அதன் வழியே பொருளின் ஊறு உண்டாகிறது; ஊற்றினால் நுகர்வும், நுகர்வினால் வேட்கையும், வேட்கையினால் பற்றும் பிறக்கின்றன. நீலச்சிறகு கண்ணிற் பட்டவுடன் இன்பம் தோன்றுதல் இயல்பு, அதிற் குற்றமில்லை. ‘இதனை நான் பெற்றேயாக வேண்டும், பிறர் எடுத்ததினும் சிறப்பாகப் பெறவேண்டும்’ என்று அடுத்து எழுவது வேட்கை. ‘என் படம், என் பறவை’ என்பது பற்று. நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவேயுள்ள அக்குறுகிய இடத்திலேதான் புகைப்படக் கருவி நிற்கிறது. அங்கே அது வேட்கைக்குத் தடையாகவும் நிற்கக்கூடும். ஆளைப் பின்னின்று தள்ளவும் கூடும்.

தள்ளும் விதத்தைப் பார்ப்போம். குஞ்சுகளின் முகம் தெளிவாகத் தெரியவேண்டுமென்று, கூட்டை மறைத்திருக்கும் கிளையை ஒடிப்பார் உளர். படம் அழகாக அமைகிறது. எடுத்தவர் வீடு திரும்புகிறார். மறைப்பிழந்த குஞ்சுகளை வெயிலும் காகமும் கண்டுகொள்கின்றன. தாய்ப்பறவை அஞ்சிக் கூட்டையே கைவிடுவதும் உண்டு. காட்டுப்பறவையின் முட்டையையோ கூட்டையோ தொல்லைப்படுத்துவதையும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்னும் சொல்லுக்குள்ளேயே அடக்கியிருக்கிறது. துப்பாக்கி இல்லை, குருதி இல்லை, ஆயினும் வேட்டை. பஞ்சசீலம் ஏற்றவர் சட்டத்தினும் குறைவாகவா நினைப்பது? இன்னுஞ் சிலர், பதிவு செய்த பறவைக்குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிடுகின்றனர். தன் எல்லைக்குள் பகை புகுந்ததென்று பதறி அப்பறவை வெளிவரும்போது படமெடுக்கின்றனர். வாயாற் சொல்லாவிடினும் அது பொய்யே.

தடையாக நிற்கக்கூடும் என்பதற்குச் சான்று மா. கிருஷ்ணன் அவர்கள். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனாய் 1912இற் பிறந்து 1996இல் மறைந்தவர். வண்ணப்படம் பெருகிய காலத்தும் கறுப்பு வெள்ளையிலேயே காட்டுயிர்களைப் படமெடுத்தார். விலையுயர்ந்த கருவியை நாடாது, பலவற்றின் உறுப்புகளைத் தாமே இணைத்து ஒரு கருவி அமைத்துக்கொண்டார். ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் வாழ்நாள் இறுதிவரை இயற்கையைப் பற்றி எழுதிவந்தார், தமிழிலும் எழுதினார். யானையைக் கண்ட அதே பொறுமையோடு வீட்டோரத்துக் காகத்தையும் கண்டவர். படம் வேண்டுமென்று பார்த்தவரல்லர் அவர். பார்த்துப் பார்த்து அறிந்ததன் மிச்சமே அவர் படங்கள். நம் இளைஞர் கருவி வாங்கக் கடன்படுமுன் அவர் எழுத்தைப் படித்தல் நன்று.

கைப்பேசியில் ஆயிரம் படம் கண்டவர் காட்டைக் கண்டவர் ஆவரோ என்று கேட்கலாம். ஆகார். ஆனால் ஒரு நல்ல படம் ஒருவனை வீட்டுக்கு வெளியே அனுப்புமாயின் அதன் பயன் நிறைவேறிற்று. அதற்குப் படம் மெய்யாக இருத்தல் வேண்டும். கரமனை ஆற்றில் மிதக்கும் பிளாஸ்டிக் பைகளைப் படத்தினின்று வெட்டி நீக்கிவிட்டு, மரக்கிளையிலுள்ள மீன்கொத்தியை மட்டும் காட்டினால், காண்பவன் ஆறு நலமாக இருக்கிறது என்று எண்ணி உறங்கப் போவான். பையும் பறவையும் சேர்ந்திருக்கும் படமே அவனைக் கரைக்கு இழுத்துவரும்.

அவ்வாறு எத்தகையது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். அகத்தியர் மலைத்தொடரிற் பிறந்து, பேப்பாறையிலும் அருவிக்கரையிலும் தேங்கி, நகரத்தார்க்குக் குடிநீராகி, எஞ்சியது நம் பாலத்தின்கீழ் ஓடுகிறது. அம்மலை நமக்கு அயலன்று. அகத்தியர் அவலோகிதரிடத்தே தமிழ் கேட்டார் என்று பதினொன்றாம் நூற்றாண்டில் வீரசோழியம் செய்த புத்தமித்திரர் கூறுகிறார். அவலோகிதர் என்பதற்கு நோக்கியருள்பவர் என்று பொருள். உயிர்களின் துன்பத்தைப் பார்த்தவர், அங்கிருந்து எதனையும் எடுத்துச் சென்றாரில்லை.

வைசாகப் பௌர்ணமிக்குப் படங்களைக் காட்சிக்கு வைக்க இளைஞர் விரும்புகின்றனர். வைக்கலாம். கூட்டின் படம் எதுவும் வேண்டா. குரலொலித்து வரவழைத்ததும் வேண்டா. ஒவ்வொரு படத்தின் கீழும் பறவையின் பெயரை எழுதுதற்கு, புஞ்சக்கரியில் நாற்று நட்ட முதிய தாய்மார் இருவரையேனும் அழைத்து வாருங்கள். அவர்கள் வழங்கும் பெயரையே முதலில் எழுதுங்கள். நூலிற் காணும் பெயர் அதன் கீழே இருக்கட்டும்.