கடைசியாகக் கை வைத்தவன்

மோட்டார் பட்டறைகளில் ஒரு கேள்வி உண்டு. வண்டி வந்து நின்றதும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். ‘கடைசியா யாரு கை வச்சது?’ என்ன கோளாறு, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்தான். கேட்பதற்கு இது வெறும் தொழில் சம்பந்தப்பட்ட கேள்வி போலத்தான் இருக்கும். ஆனால் யார், யாரைப் பார்த்துக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து இதன் அர்த்தம் மாறிவிடுகிறது. மெக்கானிக் கேட்டால் அது விசாரணை. பத்து நாள் கழித்து வண்டிக்காரர் திரும்பி வந்து மெக்கானிக்கைப் பார்த்து ‘நீதானே கடைசியாக் கை வச்சே?’ என்று கேட்டால் தீர்ப்பே எழுதியாகிவிட்டது என்று பொருள்.

கை வைப்பது, தொடுவது, தொட்டதால் கெட்டுப்போவது என்கிற சொற்களோடு நமக்கு நீண்ட பழக்கம். நாம் தொட்டால் தண்ணீர் கெடும், சாமி கெடும், குடம் கெடும் என்று சொன்ன சமூகத்தில்தான் நம் பிள்ளைகள் இன்று கியர் பாக்ஸைத் தொடுகிறார்கள். பல சமயம் அது ஏற்கெனவே இன்னொருவர் கையில் கெட்டுப்போய்த்தான் இவர்கள் கைக்கு வருகிறது. அடுத்தவன் கெடுத்த வேலைக்கு, சரிசெய்ய வந்தவன் எவ்வளவு தூரம் பொறுப்பு? கெடுத்தவனை அடையாளம் காட்டுவதா, வாயை மூடிக்கொண்டு சரிசெய்து கொடுப்பதா? இதில் எது அறம்?

எம்.ஏ. தமிழ் வகுப்பில் ‘செப்பனிடுதல்’ என்று ஒரு சொல்லைப் படித்தோம். புதுக்கோட்டைப் பட்டறைகளில் அந்தச் சொல்லை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அங்கே இரண்டே வகை. ஒன்று ‘வேலை பாக்குறது’. இன்னொன்று ‘ஒப்பேத்துறது’. இரண்டாவது சொல்லுக்கு உள்ளே ஒரு முழு சமூகவியல் இருக்கிறது.

என் தாய்மாமன் இந்த ஊரில் மெக்கானிக். ஐம்பது வயதைத் தாண்டியவர். தகரக் கொட்டகை, பெயர்ப்பலகை கிடையாது. பதினான்கு வயதில் எடுபிடியாகப் போய், ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, டீ வாங்கி வந்து, அடி வாங்கி, பார்த்துப் பார்த்தே தொழில் கற்றவர். தச்சு, கொல்லு, தட்டார் வேலை என்று எல்லாவற்றுக்கும் இங்கே ஏற்கெனவே சாதி ஒதுக்கியிருந்தார்கள். மோட்டாருக்கு மட்டும் ஒதுக்கி வைக்க மனுவுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. 2023இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்தின் 18 ‘பாரம்பரிய’ தொழில்களில்கூட மோட்டார் மெக்கானிக் இல்லை. (குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்கிற நிபந்தனையை எடுக்கச் சொல்லி 2024 நவம்பரில் தமிழக முதல்வர் கடிதம் எழுத வேண்டி வந்தது.) பிறப்பால் வராத தொழில் என்பதால்தான் அதன் கதவு நமக்குக் கொஞ்சம் திறந்தது. ஆனால் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடப்பவனை மேலே நின்று பார்க்கிற பார்வை இருக்கிறதே, அது தொழிலோடு புதிதாக வந்ததில்லை.

போன வருடம் மாமாவிடம் ஒரு குட்டி யானை வந்தது. கீரமங்கலத்திலிருந்து விடிகாலையில் பூ ஏற்றும் வண்டி. சொந்தக்காரரே ஓட்டுகிறார். மூன்றாவது கியர் நிற்க மாட்டேன் என்கிறது, போட்டால் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. ஒரு மாதத்துக்கு முன்னால்தான் பெரிய போர்டு போட்ட ஒரு ஒர்க்‌ஷாப்பில் இதே கோளாறுக்காக கியர் பாக்ஸை இறக்கி ஏற்றியிருக்கிறார்கள்.

கியர் பாக்ஸைத் திறந்து பார்த்திராத தோழர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். உள்ளே முன்பக்க கியர்களின் பல்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியேதான் சுற்றிக்கொண்டிருக்கும். நாம் கம்பியை இழுக்கும்போது சக்கரம் நகர்வதில்லை. சக்கரங்களுக்கு நடுவே இருக்கிற சிலீவ் என்கிற வளையம் நகர்ந்து, வேண்டிய சக்கரத்தை ஷாஃப்டோடு பூட்டுகிறது. வேறு வேறு வேகத்தில் சுற்றுகிற இரண்டையும் உரசி ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவது சிங்க்ரோ ரிங். பூட்டியது கழன்று வராமல் இருக்க, சிலீவைத் தள்ளுகிற ஃபோர்க்கின் ராடில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அதில் ஓர் எஃகுக் குண்டு விழுந்து உட்காரும். குண்டின் முதுகில் ஒரு ஸ்பிரிங். பூட்டுகிற பற்கள் தேய்ந்துவிட்டாலோ, பேரிங் தேய்ந்து ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஆடினாலோ, ஓடுகிற ஓட்டத்தில் சிலீவ் பின்னுக்குத் தள்ளப்படும். குண்டு பள்ளத்தை விட்டு எகிறும். கியர் நழுவிவிடும்.

மாமா திறந்தார். முதலில் வெளியே வந்தது சிலிக்கான் பேஸ்ட். பேக்கிங் பேப்பர் வெட்டிப் போடச் சோம்பல்பட்டு, கை நிறைய பேஸ்டை அப்பி மூடியிருக்கிறார்கள். உள்ளே பிதுங்கிய துண்டுகள் ஆயிலில் மிதந்தன. ஆயில் வேறு, போட வேண்டியதைவிடக் கெட்டியான ஆயில். உள்ளே இரைகிற சத்தம் வெளியே கேட்காமல் இருக்க அது ஒரு வழி. (பழைய கார் விற்கிறவர்கள் இதற்கே மரத்தூளைக் கொட்டுவார்கள் என்பது உலகம் பூராவும் உள்ள கதை.) பேரிங்கின் வளையத்தில் உளி வைத்து அடித்த தழும்பு. பழைய ஆயில் சீலையே துடைத்துத் திரும்ப மாட்டியிருந்தார்கள். பற்களின் முனை மழுங்கிப் போய் அப்படியே இருந்தது. கடைசியாகக் குண்டின் ஸ்பிரிங்கைக் கழற்றினால், அதன் மேல் இரண்டு வாஷர்.

அந்த வாஷர் சமாச்சாரத்தைக் கவனிக்க வேண்டும். தேய்ந்த பல்லை மாற்றவில்லை, ஆடுகிற ஷாஃப்டைப் பார்க்கவில்லை. நழுவுகிறதா, நழுவாமல் இருக்க மேலே இன்னும் கொஞ்சம் அழுத்து. அவ்வளவுதான் வைத்தியம். கொஞ்ச நாளைக்கு நழுவாது. கியர் மட்டும் இறுகிப்போகும். ஓட்டுகிறவன் தோள் வலிக்க இழுப்பான், ஃபோர்க் தேயும், பல் இன்னும் தேயும். நம் ஊர்களில் ஒரு வன்கொடுமை நடந்து முடிந்ததும் தாலுகா ஆபீசில் ‘அமைதிக் கூட்டம்’ போட்டு, அடி வாங்கியவனிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்புவார்களே, அது இந்த வாஷர்தான்.

வண்டிக்காரருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. ஆதிக்க சாதி. மாமா அவரை ‘அண்ணே’ என்கிறார். அவர் மாமாவை ‘ஏப்பா’ என்கிறார். முன்னால் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்காரரை ‘அண்ணன்’ என்றார்.

“ஏப்பா, அண்ணன் பார்த்தப்ப நல்லாத்தானே ஓடுச்சு. நீ பிரிச்சதுக்கு அப்புறம் இத்தனை சாமான் போச்சுங்கிற?”

மாமா ஒன்றும் பேசவில்லை. கழற்றியதை எல்லாம் ஒரு கோணிச் சாக்கில் வரிசையாகப் பரப்பினார். “நா ஒண்ணுஞ் சொல்லலண்ணே. நீங்களே தொட்டுப் பாருங்க” என்று ஒதுங்கி நின்றார். அந்த ஆள் குனிந்து மழுங்கின பல்லைத் தடவிப் பார்த்தார். வாஷரை எடுத்து உருட்டிப் பார்த்தார். முகம் மாறியது. ஆனால் அண்ணனைப் பற்றி அவரும் வாய் திறக்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி எனக்கும் மாமாவுக்கும் பெரிய வாக்குவாதம். “அடுத்த மெக்கானிக்கைக் குத்தஞ் சொல்லி நாம பொழைக்கக் கூடாது மாப்ளே. அது தொழில் தர்மம்” என்றார். நல்ல தர்மம்தான். நாளைக்கு இவர் வேலையை இன்னொருவர் பிரிக்கப் போகிறார். ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்தால் தொழிலே நாறிவிடும். ஆனால் இந்தத் தர்மம் சமமானவர்களுக்கு இடையில்தான் தர்மமாக இருக்க முடியும் என்பது என் கட்சி. ஒர்க்‌ஷாப்காரர் செய்தது ஒப்பேற்றல் என்று தெரிந்தால் ‘ஏதோ அவசரத்துல விட்டுட்டாரு’ என்பார்கள். மாமா ஒரு நட்டை முறுக்காமல் விட்டால் ‘அவனுக கிட்டப் போனா இப்புடித்தான்’ என்பார்கள். ஒருவர் தப்பு ஒருவரோடு நிற்கிறது. இன்னொருவர் தப்பு ஊருக்கே, சேரிக்கே போகிறது. இப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் கெடுத்ததை இன்னொருவன் மௌனமாகச் சரிசெய்துகொண்டே இருந்தால் அதற்கு வேறு பெயர் இருக்கிறது. அடுத்தவர் அசிங்கத்தை அள்ளிவிட்டு, யார் அசிங்கம் என்று கேட்காமல் போவது. 1993இலும் 2013இலும் சட்டம் போட்டுத் தடை செய்த பிறகும் நம் தலையில் இருக்கிற வேலை அது.

இதைச் சொன்னதும் மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “நா கியர் பாக்ஸ் பாக்குறேன்டா, பீ அள்ளல” என்றார். அவர் கோபம் நியாயமானது. பீ அள்ளுகிறவர்களை அது கீழே தள்ளுகிறது என்பதும் உண்மை. இரண்டும் ஒன்றாகவே இருக்கிறது.

வேலையில் ஏன் மனம் வைக்காமல் போகிறார்கள் என்று அமெரிக்காவில் ராபர்ட் பிர்சிக் என்பவர் கேட்டார். 1974இல் வந்த ‘ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்’ என்ற புத்தகத்தில். அவருடைய மோட்டார் சைக்கிள் எஞ்சின் வேகமாக ஓட்டினால் இறுகி நிற்கிறது. பட்டறையில் விட்டால், பையன்கள் ரேடியோவைப் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே சுத்தியலால் அடித்துப் பாழாக்கித் தருகிறார்கள். கடைசியில் ஆயில் போகிற பாதையில் 25 சென்ட் விலையுள்ள ஒரு பின் முறிந்திருந்ததுதான் காரணம் என்று அவரே கண்டுபிடிக்கிறார். அந்தப் பையன்கள் தங்கள் வேலையையே வேடிக்கை பார்ப்பவர்களாக இருந்தார்கள் என்பது அவர் முடிவு. நல்ல கவனிப்புதான். ஆனால் அந்தப் பையன்களுக்கு என்ன கூலி, அவர்கள் ஏன் அங்கே வந்தார்கள் என்று அந்த இடத்தில் அவர் நின்று கேட்கவில்லை.

அதற்கு 38 வருடத்துக்கு முன்பே அந்தக் கேள்வியைக் கேட்டவர் அம்பேத்கர். லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டலின் மாநாட்டுக்காக எழுதி, பேசவிடாமல் போய், 1936இல் அவரே அச்சிட்ட ‘சாதி ஒழிப்பு’ உரையில். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களைப் பிரிக்கிறது என்பதை எல்லோரும் மேடையில் சொல்கிறோம். அதற்கு அடுத்து வருவதை அவ்வளவாகச் சொல்வதில்லை. தனக்குப் பிடித்ததால் இல்லாமல் பிறப்பு தள்ளிவிட்டதால் ஒரு வேலையில் நிற்கிறவனுக்கு அதன் மேல் வெறுப்புத்தான் வரும், தட்டிக்கழிக்கத்தான் தோன்றும், மனமும் அறிவும் இல்லாத இடத்தில் திறமை எப்படி வரும் என்று அவர் கேட்கிறார். ஒப்பேற்றலுக்கு இதைவிடச் சரியான காரணத்தை நான் படித்ததில்லை.

இதை வைத்துக்கொண்டு அந்தப் பேரிங்கில் இருந்த உளித் தழும்பைத் திரும்பப் பார்த்தால் என் கட்சிக்கே ஒரு சிக்கல் வருகிறது. பேரிங்கைக் கழற்ற புல்லர் என்று ஒரு கருவி உண்டு. அதை மாட்டித் திருகினால் தழும்பு விழாது. பெரிய போர்டு போட்ட முதலாளி தன் கையால் உளி பிடித்திருக்க மாட்டார். புல்லர் வாங்கித் தராமல், சாயங்காலத்துக்குள் வண்டி வெளியே போக வேண்டும் என்று விரட்டப்பட்ட ஒரு பையன்தான் அடித்திருப்பான். வாரச் சம்பளம் என்ற பெயரில் டீக்காசு வாங்குகிற பையன். நம் தெருப் பையனாகக்கூட இருக்கலாம். “நானும் உளி வச்சு அடிச்சவன்தான், அப்ப எங்கிட்ட ஏது புல்லரு” என்று மாமாவே சொல்லியிருக்கிறார். அப்படியானால் கெடுத்தவன் யார்? கை வைத்தவன் என்று சொன்னால் பையன் மாட்டுவான். முதலாளி எங்கேயும் கை வைக்கவே இல்லையே.

கடைசியாகக் கை வைத்தவனைப் பிடி என்கிற நியாயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே வேங்கைவயல் இருக்கிறது. 2022 டிசம்பர் 26 அன்று, தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரிய வந்தது. அதையொட்டி அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது பக்கத்து இறையூரில் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளையும், கோயிலுக்குள் விடாத வழக்கமும் அம்பலமாயின. இரண்டு வருடம் விசாரித்த சி.பி.சி.ஐ.டி. 2025 ஜனவரியில் அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை கொடுத்தது. பாதிக்கப்பட்டவர்களையே குற்றவாளியாக்குவதா என்று ஊர் மக்களும் விடுதலைச் சிறுத்தைகள், மார்க்சிஸ்ட் கட்சி முதலியோரும் எதிர்த்தார்கள், சி.பி.ஐ. விசாரணை கேட்டார்கள். வழக்குக்குள் புகுந்து நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. யார் தொட்டியில் ஏறினார்கள், யார் கை பட்டது என்பதிலேயே பேச்சு சுற்றிக்கொண்டிருந்ததில், இரட்டைக் குவளையும் பூட்டிய கோயிலும் பேச்சிலிருந்து நழுவிப் போனதைத்தான் சொல்கிறேன். பழுதைக் கண்டுபிடிப்பது வேறு, கையைக் கண்டுபிடிப்பது வேறு.

ஆகவே, ‘அவன்தான் கெடுத்தான்’ என்று பெயரைச் சொல்லிவிட்டால் போதும் என்று நான் வாதாடவில்லை. என்ன கெட்டிருந்தது, எதனால் கெட்டது, எதைச் செய்யாமல் மூடினார்கள் என்பதை வெளியே வைப்பதும் சரிசெய்கிற வேலையின் பாகம்தான். அதைச் செய்யாமல் வண்டியை மட்டும் ஓடவிட்டுக் கொடுத்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. சட்டத்திலும் இதற்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் காசு வாங்கிக்கொண்டு ஒப்பேற்றிக் கொடுப்பது சேவைக் குறைபாடு. பிழைப்புக்காகத் தானே வண்டி ஓட்டுகிறவரும் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஆனால் புகாருக்கு ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரம் மாமாவின் கோணிச் சாக்கில் ஒரு மணி நேரம் கிடந்துவிட்டு, பழைய இரும்புக்காரன் தராசுக்குப் போய்விடுகிறது.

நான் விடாமல் நச்சரித்து இப்போது மாமா ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறார். பிரித்ததும் என்ன கண்டாரோ அதைத் தேதி போட்டு எழுதுகிறார். ‘ஸ்பிரிங் மேல் வாஷர் 2. பேரிங் உளித் தழும்பு. பல் மாத்தாமல் மூடி இருந்தது.’ கார்பன் வைத்து ஒரு நகலும் வண்டிக்காரரிடம் கொடுக்கிறார். சிலர் வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார்கள். ‘இதெல்லாம் எதுக்குப்பா?’ என்று அங்கேயே போட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. எந்த ஒர்க்‌ஷாப்பில் பார்த்தது என்கிற இடத்தை மட்டும் மாமா இன்னும் காலியாகவே விடுகிறார். அதை நிரப்பச் சொல்லி நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். “மொதல்ல அந்தப் பயலுக்கு ஒரு புல்லர் வாங்கிக் குடுக்கச் சொல்லு, அப்புறம் எழுதுறேன்” என்கிறார்.